கோடை முடியும் நேரத்தில் தோட்டமும் மீன்தொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். கோடை கடைசிக்கு வரும்போதுதான் கவனம் தளரும். ஆனால் வாரக்கணக்கில் சூடேறிய மண், மேலே மேலே ஊற்றியே நிரப்பிய தண்ணீர், களைத்த வேர், களைத்த மீன் எல்லாம் சேர்ந்து தொல்லை கொடுப்பதும் அப்போதுதான். இதில் வெயில் செய்யும் கேட்டைவிட நம் அவசரம் செய்யும் கேடு அதிகம் என்பது என் கருத்து. செடி வாடியதும் குடம் குடமாக ஊற்றுகிறோம், தண்ணீர் சூடானதும் ஐஸைக் கொட்டுகிறோம், நோய் என்றதும் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் போடுகிறோம். செடியையும் மீனையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்குக் கீழே பதில் இருக்கிறது. மீன் என்று சொல்லும் இடமெல்லாம் நன்னீர் மீன்தான். கடல்மீன் தொட்டி வேறு சமாச்சாரம்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசிக்கிறதா?

பசி இல்லை, மூச்சுத் திணறல். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். இது மட்டும் என்றால் மீன் சமாளித்துவிடும். ஆனால் அதே சூட்டில் அதன் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கிறது. அடியில் கிடக்கும் மீதித் தீனியை அழுகவைக்கும் பாக்டீரியாவும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

முதல் வேலையாக நீர்ப்பரப்பை அசையவிடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் போட்டுவிடுங்கள். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயை மேல்நோக்கித் திருப்பி, சலசலத்து விழும்படி வையுங்கள். குமிழிகளிலிருந்து நேராகக் கரையும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். குமிழி மேலே வந்து பரப்பைக் கலைப்பதில்தான் பலன் அதிகம். அப்புறம், ஏறக்குறைய அதே சூட்டில் உள்ள, குளோரின் நீக்கிய தண்ணீரால் கால்பங்கை மாற்றுங்கள்.

விடியற்காலையில்தான் நிலைமை மோசமாக இருக்கும். பகலில் ஆக்சிஜன் தரும் நீர்ச்செடிகளும் பாசியும் இரவு முழுக்க அதை எடுத்துக்கொள்ளும். தூங்கும்போது சத்தமாக இருக்கிறது என்று இரவில் ஏர் பம்பை நிறுத்துபவர்கள் கோடையிலாவது அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. அதற்கென்றே தனி உறுப்பு உண்டு. அடியில் மேயும் கோரிடோரஸ் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போவதும் அப்படித்தான். மற்ற மீன்கள் கூட்டமாக மேலே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் அவ்வளவு சூடாக இல்லாமலும் திணறினால் மீன்கழிவால் சேரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதித்துப் பாருங்கள்.

எத்தனை டிகிரி வரை பயப்பட வேண்டாம்?

மீனைப் பொறுத்தது. கோல்டுஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 23 டிகிரிதான் அதற்குச் சுகம். நியான் டெட்ராவுக்கு 26-ஐத் தாண்டினால் பிடிக்காது. கப்பி, மோலி, ஃபைட்டர் எல்லாம் 28 வரை சாதாரணமாக இருக்கும். டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரியே தேவை. இந்த எல்லையை ஓரிரு டிகிரி தாண்டினாலும், மெதுவாகத் தாண்டினால், ஆக்சிஜன் குறையாமல் இருந்தால், ஆரோக்கியமான மீன் சில நாள் தாங்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒட்டிவிட்டுக் காலையும் மாலையும் பாருங்கள். கையை வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது.

ஐஸ் கட்டி போட்டுக் குளிர வைக்கலாமா?

வேண்டாம். சில நிமிடத்தில் நாலைந்து டிகிரி இறங்கினால், சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மீன் அந்த அதிர்ச்சியில் விழும். மறுநாளே உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

மூடியைத் திறந்து, சின்ன மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்றடிக்க வையுங்கள். ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும், அதுவும் நிதானமாக. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் பலன் குறையும். குதிக்கும் மீன்கள் இருந்தால் மூடிக்குப் பதில் வலை போடுங்கள். விளக்கை மதியம் அணைத்துவிட்டு மாலையில் எரியவிடலாம். ஜன்னல் திரையை இழுத்துவிடுவது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

விசிறியும் போதவில்லை என்றால் தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒரு சிறு பாட்டிலை மூடியபடியே மிதக்கவிடலாம். ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்; ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்க ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

தினமும் தண்ணீர் குறைகிறது, தினமும் ஊற்றி நிரப்புகிறேன். அப்படியும் தண்ணீர் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். கோடைக் கடைசியில் மீன் காரணம் தெரியாமல் சோர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் நைட்ரேட்டும் அப்படியே தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் புதுத் தண்ணீர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாது உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு மூன்று மாதம் இப்படியே போனால் தண்ணீரில் உப்பு செறிந்துகொண்டே வரும். கண்ணாடியின் மேல் விளிம்பில் படியும் வெள்ளைக் கோடு அதன் அடையாளம். எனவே வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் வெளியே எடுத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட வேண்டும். நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு.

நீண்ட நாள் மாற்றாமல் விட்டவர்கள் குற்ற உணர்ச்சியில் ஒரே நாளில் முக்கால்வாசியை மாற்றிவிடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து சதவீதமாக எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சூட்டில் அம்மோனியாவின் கொடுமையும் கூடும். தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கடும் நஞ்சு. அந்தப் பகுதி வெப்பநிலையோடும் பி.எச். (அமில, காரத் தன்மை) அளவோடும் சேர்ந்து உயரும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். அதே பி.எச். 8-இல் 30 டிகிரி ஆனால் ஏழரை சதவீதத்தை நெருங்கும். குளிர் மாதங்களில் ஒன்றும் செய்யாத அளவு கோடையில் செவுளைச் சுடும் என்பது இதனால்தான்.

குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால், ஏர் பம்பும் ஓடினால், குளோரின் போய்விடும். குளோராமின் கலந்த தண்ணீர் என்றால் அது அவ்வளவு சுலபமாகப் போகாது. அதற்கான நீக்கி மருந்தைக் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

தீனி கூட்டவா, குறைக்கவா?

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மீன் தன் எல்லையைத் தாண்டிய சூட்டில் இருக்கும் நாட்களில் பாதியாகக் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடாமல் விட்டாலும் நல்லதுதான். கண்ணாடிப் பக்கம் வந்து வாலாட்டுவதை நம்பாதீர்கள், அவை எப்போதும் அப்படித்தான்.

மீன்தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

தாராளமாக. இரண்டையும் வைத்திருப்பதில் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான். மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த நைட்ரேட் மீனுக்குச் சுமை, செடிக்குத் தழைச்சத்து. கொஞ்சம் பாஸ்பேட்டும் இருக்கும். அளவு குறைவு என்பதால் வேரைச் சுடாது. வெயிலில் களைத்த செடிக்கு வீரியமான உரத்தைவிட இந்த மெல்லிய உரம்தான் ஏற்றது. ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த பழுப்புத் தண்ணீர் இன்னும் சத்தானது. அதை மண்ணில் ஊற்றிக் கொஞ்சம் கிளறிவிடுங்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எடுத்து வைத்த மீன்தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் பஞ்சும் பிழைக்கும், செடிக்கும் விருந்து.

ஊற்றக் கூடாத சமயங்களும் உண்டு. நோய்க்கு உப்பு போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைப் பூந்தொட்டியில் ஊற்றாதீர்கள். சின்னத் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மருந்து கலந்த தண்ணீர், குறிப்பாகத் தாமிரம் அல்லது ஆன்ட்டிபயாடிக் சேர்த்தது, சாப்பிடும் செடிக்கு ஆகாது. நல்ல தண்ணீராக இருந்தாலும் பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி, புதினா இலைகளின் மேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். மீன்தண்ணீரில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மீன்தொட்டிக்குள் கைவிடுவதையும் தவிருங்கள்.

மணி பிளான்ட் வேரை மீன்தொட்டிக்குள் தொங்கவிடலாமா?

விடலாம். வேர் தண்ணீருக்குள், இலை வெளியே. நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும், பாசிக்குக் கிடைக்கும் சத்து குறையும். இலையும் தண்டும் உள்ளே மூழ்கினால் அழுகும், அதை மட்டும் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த செடியிலிருந்து எடுத்த கிளை கூடாது. மண்ணில் வளர்ந்த செடியானால் வேரை நன்கு கழுவி, சில நாள் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பிறகு மாற்றுங்கள்.

மதியம் செடி துவண்டு தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றட்டுமா?

முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். பூசணி, வெள்ளரி, பாகல் போன்ற அகன்ற இலைக்காரர்கள் உச்சி வெயிலில் துவள்வது சகஜம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வெளியேற்றும் வேகம் அதிகமாகிவிடுகிறது, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும். ஈரமான மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகும்; அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது; செடி இன்னும் துவளும்; நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். தண்ணீர் இல்லாமல் செத்ததாகச் சொல்லப்படும் தொட்டிச்செடிகளில் பல இப்படித் தண்ணீரால் செத்தவை.

விரல் நுனி எட்டும் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். மாலையிலும் நிமிராமல், மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் நிஜமாகவே பிரச்சினை. அப்போது நேரம் காலம் பார்க்காதீர்கள், மதியமாக இருந்தாலும் வேரில் ஊற்றுங்கள். மதியம் ஊற்றினால் நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி இலையைச் சுட்டுவிடும் என்பதை நம்ப வேண்டாம். மதியத்தில் ஊற்றினால் ஆவியாகி வீணாகும் என்பதுதான் உண்மையான குறை.

மற்ற நாட்களில் அதிகாலை சிறந்தது. தினமும் மேலாக நனைப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். காய்ந்த இலை, வைக்கோல் என்று கிடைப்பதைக் கொண்டு 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள்; தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள்.

ஊற்றும் தண்ணீர் உடனே தொட்டியின் அடிவழியே ஓடிவிடுகிறது. மண்ணில் ஏறவே இல்லையே?

மண் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தென்னைநார்க் கழிவும் மட்கும் அதிகம் கலந்த கலவை முழுக்க உலர்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும், தண்ணீரையும் ஒட்டவிடாது. நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கின் வழியே இறங்கிவிடுகிறது. தொட்டியையே ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, அடியிலிருந்து ஊறவிடுங்கள். மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிட்டால் சரியாகிவிடும். தூக்க முடியாத தொட்டி என்றால், பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளை வெயில்படும் சுவரோரம் வைக்காதீர்கள். பக்கச் சுவர் சூடாகி ஓர வேர்கள் வெந்துவிடும். தொட்டிகளை நெருக்கமாகக் கூட்டி வைத்தால் ஒன்றின் நிழல் ஒன்றுக்கு உதவும்.

தக்காளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. பிடித்த காயும் அடியில் கறுத்துப்போகிறது.

இரண்டு வெவ்வேறு விஷயம். பகலில் 32 முதல் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24-க்கு மேலும் போனால் தக்காளியின் மகரந்தம் பழுதாகிவிடும், பூ உதிரும். உரமோ மருந்தோ இதற்குத் தீர்வு இல்லை. இரவு குளிரத் தொடங்கியதும் தானே காய் பிடிக்கும். கோடைக் கடைசியில் பொறுமை இழந்து செடியைப் பிடுங்கிவிடுகிறவர்கள் வரப்போகும் காய்ப்பை இழக்கிறார்கள். அதுவரை 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்ணை ஈரமாக வைத்துச் செடியைக் காப்பாற்றினால் போதும். மிளகாயும் பீன்ஸும் பூ உதிர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

அடிப்பகுதி கறுப்பது, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால். பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். ஆனால் அது தண்ணீரோடுதான் பயணிக்கும். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றினால் காய்க்குப் போய்ச் சேராது. முட்டையோட்டைப் பொடித்துப் போடுவதால் இந்தப் பருவத்துக் காய்க்கு ஒன்றும் ஆகாது, அது கரையவே பல மாதம் பிடிக்கும். சீராகத் தண்ணீர் ஊற்றுவதுதான் மருந்து. பழம் வெடிப்பதற்கும் இதே மருந்துதான்.

இன்னொன்று: 30 டிகிரிக்கு மேல் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சளாகவே நிற்கும். லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் வையுங்கள், அழகாகப் பழுக்கும்.

இலையின் பின்புறம் மெல்லிய நூலாம்படை, மேலே ஊசிப்புள்ளிகள். என்ன செய்வது?

செஞ்சிலந்தி என்னும் நுண்ணிய பேன். சூடும் வறட்சியும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி வாக்கில் முட்டையிலிருந்து முழுப்பேனாக ஒரு வாரமே போதும். அதனால் ஒரு தடவை செய்துவிட்டு விட்டால் பலன் இருக்காது. காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம். மோசமான இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். சோப்புக் கரைசல் என்றால் வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் ஓரிரு இலையில் சோதித்துவிட்டு. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்து, அது முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

தோட்டத்தில் மருந்து அடித்தால் வீட்டுக்குள் இருக்கும் மீனுக்கு ஆபத்தா?

ஆமாம், நினைப்பதைவிட அதிகம். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானவை என்பதால் வீடுகளில் சகஜமாகப் புழங்குகின்றன. மீனுக்கு அவை மிகச் சிறிய அளவிலேயே எமன். கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசுமருந்து, கரப்பான் ஸ்பிரே இவற்றில் பலவற்றிலும் இதே குடும்பத்து மருந்துதான். ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்! மீன்தொட்டி இருக்கும் அறையில் இவற்றை வைக்கவே வேண்டாம். தவிர்க்க முடியாத நாளில் மேலே ஈரத்துணி போட்டு மூடி, பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி, அறையை நன்றாகக் காற்றாட விட்ட பிறகே திறக்க வேண்டும்.

இயற்கை மருந்து என்றால் மீனுக்கும் சாது என்று எண்ண வேண்டாம். வேப்பெண்ணெய் தண்ணீரில் கலந்தால் நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதல்ல. செடியிலிருந்தே எடுக்கும் ரோட்டினோன் மீன் கொல்லியாகவே பயன்பட்டது. பூஞ்சைக்கு அடிக்கும் தாமிரக் கலவை இறாலையும் நத்தையையும் தீர்த்துவிடும். மருந்து அடித்த கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, அன்று முழுக்க மீன்தொட்டிக்குள் விடாமல் இருப்பது உத்தமம். செடிக்கென்று ஒரு வாளி, மீனுக்கென்று ஒரு வாளி. வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

மீன்தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்பிவிடுகிறது.

மிதக்கும் பாசி. வெளிச்சமும் சத்தும் அளவுக்கு மிஞ்சினால் வரும். ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா என்று பாருங்கள், விளக்கை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள், தீனியைக் குறையுங்கள். விடாப்பிடியாக நின்றால் தொட்டி முழுவதையும் கறுப்புத் துணியால் மூன்று நான்கு நாள் போர்த்தி இருட்டாக்கலாம். அந்த நாட்களில் ஏர் பம்ப் நிற்கவே கூடாது. சாகும் பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். திறந்ததும் பாதித் தண்ணீரை இரண்டு தவணையாக மாற்றுங்கள். எடுத்த பச்சைத் தண்ணீரும் செடிக்குத்தான்.

வெளியே வைத்த தொட்டியில் பச்சைத் தண்ணீர் இருந்தால் அவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். குஞ்சுகள் அதில் கொழுத்து வளரும்.

மீன் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. சூட்டைக் கூட்டச் சொல்கிறார்கள், ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது?

உப்புத்தூள் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் கொல்ல முடியும். சூடு கூடினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும், மருந்தும் சீக்கிரம் வேலை செய்யும். அதற்காகத்தான் 30 டிகிரி என்கிறார்கள். கோடையில் நீங்கள் ஏற்கெனவே அந்த அருகில் இருப்பீர்கள், எனவே ஹீட்டரைத் தேட வேண்டாம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாமல் குறைந்தது ஒரு வாரம் தொடருங்கள். கோரிடோரஸ், லோச் வகைகள் உப்பையும் மருந்தையும் அதிகம் தாங்காது.

பஞ்சு ஒட்டியது போல வாயோரத்திலும் முதுகிலும் வெண்படலம் என்றால் அது பூஞ்சையாக இல்லாமல் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்குச் சூடு கூட்டினால் நோய்தான் வேகமெடுக்கும். எது என்று பார்த்துத் தெளிந்த பிறகே வெப்பநிலையில் கை வையுங்கள்.

மின்சாரம் பல மணி நேரம் இல்லாவிட்டால்?

தீனி போடாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அரைமணிக்கு ஒருமுறை மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடிய கேனிஸ்டர் வகை ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து கெட்ட தண்ணீர் தேங்கியிருக்கும். திறந்து, அதைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டுப் போடுங்கள்.

ஒரு வாரம் வெளியூர் போகிறோம். என்ன ஏற்பாடு?

ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனியில்லாமல் இருக்கும், குஞ்சுகள் இருக்காது. தெரிந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனால் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் கொட்டிவிடுவார்கள். ஒரு வேளைக்கானதைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு டப்பாவை ஒளித்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதைக் கிளம்பும் நாளில் செய்யாமல் இரண்டு நாள் முன்பே முடித்தால், ஏதாவது கோளாறு என்றால் உங்கள் கண்ணிலேயே படும்.

தொட்டிச்செடிகளை நிழலுக்கு நகர்த்தி, ஆழமாக ஊற்றி, மூடாக்குப் போடுங்கள். வாளித் தண்ணீரிலிருந்து பருத்திக் கயிற்றைத் திரியாகத் தொட்டி மண்ணுக்குள் விட்டால் அது மெல்ல ஈரத்தைக் கொண்டுபோகும். வாளியைச் செடியைவிட உயரமாக வைத்து, கொசு புகாமல் மூடிவிடுங்கள். அடித்தட்டுகளில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உரம் போடலாமா? கவாத்து செய்யலாமா?

வெயில் தணியும் வரை இரண்டும் வேண்டாம். வாடும் செடிக்கு ரசாயன உரம் போட்டால் மண்ணில் உப்பு கூடி வேருக்குத் தண்ணீர் எடுப்பதே கஷ்டமாகும். காய்ந்த குச்சி, நோயுற்ற இலை இவற்றை நீக்கலாம். பச்சை இலையை அதிகம் எடுத்தால் நிழல் போய்க் காய்கள் வெயிலில் வெந்து வெளுத்துவிடும்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே விதைக்கலாமா?

வெண்டை, பூசணி, காராமணி போன்றவை சூட்டிலும் முளைக்கும். லெட்டூஸ் விதை 30 டிகிரியை நெருங்கும் மண்ணில் உறங்கிவிடும். பாலக்கும் சூடான மண்ணில் சரியாக முளைக்காது. அவற்றை மாலையில் நிழலில் விதைத்து, முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். ஈரத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்துவிட்டு விதைப்பதும் உதவும்.

விதை சேகரிக்கவும் இது நல்ல நேரம். வெண்டைக்காயைச் செடியிலேயே காயவிடுங்கள். தக்காளி விதையை அதன் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும். ஹைப்ரிட் ரகத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெளியே தொட்டியில் விட்டிருக்கும் மீன்களை எப்போது உள்ளே கொண்டுவருவது?

இரவு குளிரும் இடங்களில், அதிகாலைத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே வெப்பமண்டல மீன்களை மாற்றிவிடுங்கள். கோல்டுஃபிஷுக்கு அந்த அவசரம் இல்லை. உள்ளே கொண்டுவரும் தண்ணீரோடு தும்பியின் இளம்புழு வந்துவிடும். அது குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும், எனவே பழைய தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றாதீர்கள். மீனைப் பாத்திரத்தில் வைத்து, உள்தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்கிவிட்டு, வலையால் எடுத்து விடுங்கள். எண்ணிக்கை பெருகிவிட்டது என்று மிச்ச மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது கூடவே கூடாது, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

காலியான வெளித்தொட்டியைக் கவிழ்த்து வைக்கும் முன் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஹீட்டரைத் தேவைப்படுவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் மாற்றும்போது அதை அணைத்து, ஆறவிட்ட பிறகே மட்டத்தைக் குறையுங்கள். சூடான கண்ணாடி காற்றில் நின்றால் விரிசல் விடும்.